என் பிள்ளைகள் அரபி படித்த விவரம்

தம்மாம்,
14-3-2009

மரியாதைக்குரிய காக்கா கௌஸ் முகம்மது அவர்களுக்கு, தம்பி நெய்னா முகம்மது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் இங்கே நானும் மெஹர்பானுவும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். கீழக்கரையில் நீங்களும் மதினியும் அப்படியே இருக்க துஆ செய்கிறோம். மனசு எப்படி இருக்கிறது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். போனில் சொல்லத் தைரியம் வராததால் கடிதம்.

ஷம்சியாவும் மஹ்மூதும் அரபிக் கிதாபில் முழுகிக் கிடக்கிறார்கள் என்று போன ரமலானில் நான் உங்களிடம் பெருமையடித்தது நினைவிருக்கும். காக்கா, அது நான் கண்ணால் கண்ட காட்சி. லுஹர் தொழுகைக்குக் கடை ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனால், இரண்டும் பிரவுன் பேப்பர் அட்டை போட்ட புத்தகத்தை வைத்துக்கொண்டு வலப்பக்கமிருந்து இடப்பக்கமாக வாசித்துக்கொண்டிருக்கும். சோறு ஆறுகிறது என்று மெஹர்பானு நாலு தடவை கூப்பிட்டாலும் காதில் விழாது. வலமிருந்து இடமாக ஒரு பிள்ளை இத்தனை ஆசையாய்ப் படித்தால் தகப்பன் என்ன நினைப்பான், நீங்களே சொல்லுங்கள். பத்தாவது முடிந்ததும் ஷம்சியாவை நம் ஊர்ப் பெண்கள் மதரஸாவில் சேர்த்து, மார்க்கம் படித்த ஆலிமா ஆக்குகிறேன் என்று நானாகத்தான் வாக்குக் கொடுத்தேன். நீங்களும் இடம் பிடித்து, ஜமாஅத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டீர்கள். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

இந்த நிலையில்தான் நம் ஊர் முகம்மது ரிபாய் ஹஜ்ரத் அல்கோபரில் மகன் வீட்டுக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, போன வாரம் வெள்ளிக்கிழமை விருந்துக்கு அழைத்தேன். ஆட்டுக்கறி பிரியாணி தயாராகும்வரை பிள்ளைகளின் படிப்பை அவரிடம் காட்டலாம் என்பது என் ஆசை. "நீங்க ஓதுற கிதாபக் கொண்டாங்க தம்பி, பாப்போம்" என்றார் ஹஜ்ரத். மஹ்மூது ஷம்சியாவைப் பார்த்தான், ஷம்சியா மின்விசிறியைப் பார்த்தாள், நான் பிள்ளைகளுக்கு வெட்கம் என்று நினைத்து நானே அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஹஜ்ரத் பிஸ்மி சொல்லித் திறந்தார். உள்ளே படத்தில், தலையில் கண்ணாடிப் பானையைக் கவிழ்த்த ஒருவன் கயிற்றில் தலைகீழாகத் தொங்குகிறான்.

"இது எந்த ஆலிம் எழுதுன கிதாபு?" என்று கேட்டார். "ஜாப்பனீஸ் காமிக்ஸ் ஹஜ்ரத், இங்கிலீஷ் டிரான்ஸ்லேஷன். அவங்க ஸ்டைல் ரைட்ல இருந்து லெஃப்ட்" என்றான் மஹ்மூது. மாடியில் குடியிருந்த பிலிப்பினோ நர்ஸ் வேலையை முடித்துக்கொண்டு எக்ஸிட்டில் ஊருக்குப் போகும்போது பிள்ளைகளிடம் ஒரு பெட்டி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஒன்பது புத்தகம். ஜப்பானில் ஓர் அண்ணனும் தம்பியும், சின்ன வயதில் இரண்டு பேருமாக ராக்கெட்டில் போவோம் என்று பேசி வைத்துக்கொண்டவர்கள், அவர்கள் கதை வருஷக் கணக்காக வந்துகொண்டிருக்கிறதாம். ஹஜ்ரத் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிரியாணி வந்தது, ஆறியது. "போனானுங்களா, இல்லையா?" என்றார் கடைசியில். "ஒன்பதாவது புக்லயும் வெயிட்டிங்தான் ஹஜ்ரத்." புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "புள்ளைங்க என்ன படிக்குதுன்னு வாப்பா ஒருதடவ தொறந்து பாத்திருக்கலாமே நெய்னா." என்னை நாலு அறை அறைந்திருந்தால்கூடத் தேவலாம்.

அதோடு முடிந்ததா? திங்கட்கிழமை மதியம் ஷட்டரைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து சற்றுக் கண்ணயர்ந்தேன். வாட்ச்மேன் முனியசாமி, நம்ம பக்கம் முதுகுளத்தூர் ஆள், வந்து கதவைத் தட்டுகிறார். "பாய், ஒங்க கடைக்குள்ள ஆளு இருக்கான், இருமுறான், வெரசா வாங்க!" ஓடினேன். கடை வாசலில் நாலு பேர் கட்டையோடு நிற்கிறார்கள். ஷட்டரைத் தூக்கினால் ஸ்டோரில் மிளகாய் மூட்டைக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே மஹ்மூது, கண்ணெல்லாம் சிவந்து, கையில் பாதி குபூஸ் ரொட்டி. விண்வெளிக்குப் போகிறவர்களை அடைத்த அறையில் வைத்துச் சோதிப்பார்களாம், அந்தப் பரீட்சைக்காக நான் பூட்டும் முன்பே உள்ளே ஒளிந்துகொண்டானாம். பின்பக்க ஜன்னலுக்கு வெளியே ஷம்சியா நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் அவன் மனநிலையைக் குறித்துக்கொண்டிருந்தாள். "மூணு ஹவர்தான் வாப்பா ஆச்சு, டெஸ்ட்டக் கெடுத்துட்டீங்க" என்று என்னிடமே கோபித்துக்கொண்டான். முனியசாமி கட்டையைக் கீழே போட்டுவிட்டு, மிளகாய் நெடிக்கு எல்லோருக்குமாகத் தும்மினார்.

அன்று நான் போட்ட சத்தத்தில் பிள்ளைகள் நடுங்குவார்கள் என்று பார்த்தேன். ஷம்சியா பள்ளிக்கூட ஃபார்ம் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பதினொன்றாம் வகுப்பு, சயின்ஸ் குரூப். "மதரஸா வேணாம்னு சொல்லல வாப்பா. ஆனா பிசிக்ஸ் படிக்காம அங்க போக முடியாது." எங்கே என்று கேட்டேன். விரலை மேலே காட்டினாள். மாடியில் இப்போது சூடான்காரக் குடும்பம் இருக்கிறது, அங்கே போக பிசிக்ஸ் எதற்கு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நீங்கள் கவலைப்பட வேண்டாம், காக்கா. என் வாக்கு மாறாது. புத்தகங்களைச் சாக்கில் கட்டி ஸ்டோரில் பரண்மேல் போட்டாச்சு. டி.சி.க்கு எழுதிக் கொடுத்தாச்சு. ஏப்ரல் ஐந்தாம் தேதி மெஹர்பானு அவளைத் திருச்சிக்குக் கூட்டி வருகிறாள், வண்டி அனுப்பி வையுங்கள். மதரஸாவில் இடத்தை விட்டுவிடாதீர்கள்.

மதினிக்கு எங்கள் ஸலாம். உங்களுக்கு ஆயுளையும் சுகத்தையும் அல்லாஹ் நிறைவாகத் தரட்டும். பிள்ளைகள் பெரிய வாப்பாவுக்கு ஸலாம் சொல்கிறார்கள். ஷம்சியா சொல்லவில்லை, நானே எழுதிக்கொண்டேன்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லைத் தட்டாத தம்பி,
நெய்னா முகம்மது

பின்குறிப்பு: இந்தக் கடிதம் ஐந்து நாளாக என் மேஜையிலேயே கிடக்கிறது. ஹஜ்ரத் சொன்னாரே, திறந்துதான் பார்ப்போமே என்று மதிய நேரத்தில் ஷட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து சாக்கை அவிழ்த்தேன். என் இங்கிலீஷ் உங்களுக்குத் தெரியும், ஆனால் படத்துக்கு அது வேண்டியதில்லை. இன்டர்வியூ. மெடிக்கல். லிஸ்ட்டில் பெயர் வருமா என்று காத்துக் கிடப்பது. காக்கா, இது நம்ம பம்பாய்! ஏஜென்ட் ஒருவன்தான் இல்லை. அந்த அண்ணன் தம்பியிலும் ஒருவன் ஃபிட், ஒருவன் அன்ஃபிட். எண்பத்து நாலில் அங்கே சவுதி வேலைக்கான மெடிக்கலில் நீங்கள் பச்சையையும் சிவப்பையும் மாற்றிச் சொன்னதும் டாக்டர் அன்ஃபிட் முத்திரை குத்தினானே, அன்று மாலை உங்கள் புதுச் சட்டையை எனக்குப் போட்டுவிட்டு, "நீ போ, நா அடுத்த லிஸ்ட்ல வர்றேன்" என்றீர்கள். அடுத்த லிஸ்ட் வரவேயில்லை. கதையில் தேறாமல் நின்றுபோனவன் ஊருக்குத் திரும்பும் ரயிலில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அந்தப் பக்கத்தில் நான் அழுதுவிட்டேன். அஸர் தொழுகைக்குப் பிறகு கஸ்டமர்கள் வந்து ஷட்டரைத் தட்டியும் எழுந்திருக்க முடியவில்லை.

டி.சி. மனுவைத் திரும்ப வாங்கிவிட்டேன். டிக்கெட் கேன்சல். சயின்ஸ் குரூப் ஃபார்மில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். திருச்சிக்கு வண்டி அனுப்ப வேண்டாம். ஜமாஅத்தில் கேட்டால், நெய்னா வாக்கு மாறிவிட்டான் என்று என் பெயரையே சொல்லுங்கள். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் ஏசி எழுதுங்கள். ஆனால் இருபத்தைந்து வருஷமாக நான் கேட்காமல் விட்ட ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதுங்கள், காக்கா. அன்றைக்கு ரயிலில் நீங்கள் அழுதீர்களா?