ஏழாவது விதியும் இரண்டு மூட்டைப் பறவைத் தீனியும்

வெர்னன் கிளிங்கர் தன் பிக்கப் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். கார் கொட்டகையின் கதவு தரைவரை இறக்கப்பட்டிருந்தது. வியர்வை வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"கதவைக் கொஞ்சம் தூக்கினா காத்து வரும்" என்றாள் மனைவி லோரீன்.

"காத்தோட சேர்ந்து டாரலும் வருவான்."

டாரல் வைரிக் எதிர்வீட்டுக்காரன். சிக்கல் டாரல் இல்லை. சிக்கல் ஓர் இரும்பு உருண்டை. வண்டியின் பின்புறக் கொக்கியில் அந்த உருண்டையை மாட்டி, அதன்மேல் டிரெய்லர் வீட்டின் மூக்கைப் பொருத்தி இழுத்து வரவேண்டும். தபாலில் வந்த உருண்டை ஓர் அளவு சின்னது. டிரெய்லரை எடுக்கப்போக வேண்டியதோ நாளைக் காலை.

"ஊருக்குள்ள கடையே இல்லையா?"

"ஊருக்குள்ள நாக்கும் இருக்கு, லோரீன்."

இந்தியானா மாநிலத்தின் அந்த ஊரில் பாதி வீடுகளுக்கு ரொட்டி போடுவது டிரெய்லர் ஆலைகள்தான். ஆனால் லார்க்ஸ்பர் கோர்ட் தெருவில் மட்டும் ஒரு டிரெய்லர் நிற்க முடியாது. காரணம், ஏழாவது விதி. 'சக்கரமும் சமையலறையும் ஒருங்கே அமைந்த எப்பொருளும் தெருவினின்று கண்ணுக்குப் புலப்படும் வண்ணம் நிறுத்தப்படலாகாது.' இயற்றியவர் வெர்னன் கிளிங்கர், குடியிருப்போர் சங்கத் தலைவர். ஒன்பது வருடமாக எதிர்த்து ஒரு கை எழும்பாமல் தேர்ந்தெடுக்கப்படுபவர். டாரலின் மச்சான் ஒரு காபி குடிக்கும் நேரம் டிரெய்லரை வாசலில் நிறுத்தியதற்கே அபராதம் தீட்டியவர். சனி ஞாயிறு தவறாமல் தொப்பி போட்டுக்கொண்டு தெருவை அளந்து, புல்லின் உயரத்தைக் குனிந்து பார்ப்பவர்.

அப்படிப்பட்டவர் டிரெய்லர் வாங்கியது லோரீனால். "கல்யாணம் ஆனதுலேருந்து பெரிய ஏரிக்கரையைக் காட்டறேன்னு சொல்றே. நான் டிரெய்லர் வாங்கிப் போகப்போறேன். நீ வர்றதுன்னா வா" என்றுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை தேர்தல். அதற்குள் விஷயம் வெளியே தெரிந்தால் பதவி போச்சு. பதவி போனால் வெர்னனிடம் மிச்சம் இருக்கப்போவது தொப்பி மட்டும்தான்.

திட்டம் தயாராக இருந்தது. டிரெய்லரைத் தெருப்பக்கமே கொண்டுவராமல், தானியக் குதிர்களுக்குப் பின்னால் இருக்கும் நிறுத்துமிடத்துக்கு நேராக ஓட்டிப்போய்விடுவது. அந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சொன்னதும் லோரீன்தான்.

உருண்டைக்காக வெர்னன் இரண்டு ஊர் தள்ளி ஒரு கடைக்குப் போனார். இழுவைச் சாமான் வரிசையில் திரும்பினால், எதிரே டாரல் நிற்கிறான்.

"வெர்னன்."

"டாரல்."

"இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க?"

வரிசை முனையில் மூட்டைகள் அடுக்கியிருந்தன. "பறவைத் தீனி" என்றார் வெர்னன்.

"அட, நானும் அதுக்குத்தான்." டாரல் கையிலிருந்த வெள்ளைத் தண்ணீர்க் குழாயை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"அந்தக் குழாய்?"

"பறவைக்குத் தாகம் எடுக்காதா?"

இருவரும் ஆளுக்கொரு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பணம் கட்டும் வரிசையில் நின்றார்கள். டாரல் பின்னாலேயே நின்றதால் வெர்னன் உருண்டையை எடுக்கவே முடியவில்லை.

"உருண்டை எங்கே?" என்றாள் லோரீன்.

"டாரல் இருந்தான்."

"மூட்டையில என்ன?"

"சூரியகாந்தி விதை."

"நம்ம வீட்ல ஏது பறவை?"

"இனிமே வரும்" என்றார் வெர்னன். சொன்ன பொய்க்குச் சாட்சி வேண்டுமே. பாதி மூட்டையை முன்புல்வெளியில் தூவினார்.

அந்த நேரம் பார்த்து விற்பனைக்கூடத்திலிருந்து தொலைபேசி. வண்டியின் இரண்டு பக்கமும் பின்னால் வருவதைக் காட்டும் நீளக்கண்ணாடி மாட்டியிருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் டிரெய்லரை வெளியே விடமாட்டார்களாம்.

இன்னொரு கடைக்குப் போய் இன்னொரு மூட்டையுடன் திரும்ப வெர்னனுக்குத் தெம்பில்லை. மூன்றாவது வீட்டு ஓபல் நஸ்பாமின் காலஞ்சென்ற கணவர் பிக்கப்பில் வைக்கோல் வண்டியைக் கட்டி இழுத்தவர். வெர்னன் போய்க் கதவைத் தட்டினார். பன்னிரண்டாவது விதிப்படி தன் பிளாஸ்டிக் நாரையை வாசலிலிருந்து அப்புறப்படுத்திய தலைவரை ஓபல் பாதிக் கதவு திறந்து பார்த்தாள்.

"உன் வீட்டுக்காரரோட நீளக்கண்ணாடி இருக்கா, ஓபல்? நான் இப்போ பறவை பார்க்கறேன்."

"கண்ணாடியிலயா?"

"பின்னாடி வர்ற பறவையை."

ஓபலின் முகம் வெளுத்தது. உள்ளே போனாள். குளியல் துண்டில் சுற்றிய கண்ணாடிகளைக் கொண்டுவந்து கையில் திணித்தாள்.

"நீங்க யார்கிட்டயும் மூச்சு விடலைன்னா, நானும் விடமாட்டேன்."

வெர்னன் கண்ணாடிகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினார். வீட்டுக்கு வந்து நாற்காலியில் சரிந்தார். "ஓபலுக்குத் தெரிஞ்சுபோச்சு."

"என்ன தெரிஞ்சுபோச்சு?"

"எல்லாம்தான்."

வாசல் மணி அடித்தது. டாரல்.

"வெர்னன், இன்னிக்கு நாம ரெண்டுபேரும் பறவைத் தீனிதானே வாங்கினோம்?"

"ஆமா."

"வேற எதையும் பார்க்கலையே?"

"பார்க்கலை."

"அப்படியே இருக்கட்டும்." டாரல் விடுவிடுவென்று தெருவைக் கடந்து போய்விட்டான்.

"அவனுக்கும் தெரிஞ்சிருக்கு" என்றார் வெர்னன். "செவ்வாய்க்கிழமை என்னைச் சந்தி சிரிக்க வைக்கத்தான் பொத்திவெச்சிருக்காங்க." லோரீன் கரண்டியை எடுத்தாள். அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. குண்டான் நிறைய.

"ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்வளவு?"

"வெளியூர்க் காத்துல பசிக்கும்."

சனிக்கிழமை காலை கொட்டகைக் கதவைத் தூக்கினால், புல்வெளியில் வாத்துக்கூட்டம். ஊர் ஏரியில் இருந்த கனடா வாத்து அத்தனையும் விதை தின்ன வந்து, வண்டி போகும் பாதையை மறித்து நின்றன. வெர்னன் "ஷ்ஷ்" என்றார். அவை திருப்பிக் கத்தின. ஆரன் அடித்தார். அவை இன்னும் உரக்கக் கத்தின. துடைப்பத்தோடு இறங்கியவரைத் தலைமை வாத்து கொட்டகைவரை துரத்தியது.

இத்தனை கூத்துக்கும் தெருவில் ஒரு திரைச்சீலை விலகவில்லை. ஒரு வாசலிலும் கார் இல்லை.

"எல்லாரும் எங்கே போனாங்க?"

"நீண்ட விடுமுறை. சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருப்பாங்க" என்றாள் லோரீன்.

விதை தீர்ந்து வாத்துகள் விலகியதும் கிளம்பிப் போனார்கள். விற்பனைக்கூடத்து ஆள் டிரெய்லரைச் சுற்றிச் சுற்றி வந்து விளக்கினான். எது நல்ல தண்ணீருக்கான வெள்ளைக் குழாய், எது கழிவுக் குழாய், பிரேக் எப்படிப் பிடிக்கும். வெர்னன் ஒவ்வொன்றுக்கும் "தெரியும், தெரியும்" என்றார். லோரீன் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

கொக்கியைப் பார்த்ததும் அவன் சரியான உருண்டையை எடுத்து மாட்டினான். "இதை நாங்களே போட்டுக் கொடுப்போமே, சார். போன்ல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா, தெரியாதுன்னு ஆயிடுமே" என்றாள் லோரீன்.

வெர்னன் தொப்பியைக் கண்வரை இறக்கி, கறுப்புக் கண்ணாடி போட்டு, வயல்வழிச் சாலையைப் பிடித்தார். பின்னால் ஒரு வீடே ஆடி அசைந்து வந்தது. ஓபலின் கண்ணாடியில் முதலில் ஒரு குதிரையின் முகம் பெரிதாகத் தெரிந்தது. பிறகு அந்தக் குதிரை வண்டி அவரை முந்திப் போனது. ஓட்டிய தாடிக்காரர், காரையே தொடாத மதப்பிரிவுக்காரர், மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போனார்.

ஒருவழியாகக் குதிர்களுக்குப் பின்னால் நிறுத்துமிடம் வந்தது. காவல்காரர் மார்லின் பல்லிடுக்கில் குச்சியோடு எழுந்து வந்தார்.

"எந்தத் தெரு, சார்?"

வெர்னன் தயங்கினார். "லார்க்ஸ்பர் கோர்ட்" என்றாள் லோரீன்.

"முன்னாலேயே சொல்றதில்ல? நாலாவது வரிசைக்கு விடுங்க."

நாலாவது வரிசையில் திரும்பியதும் வெர்னனின் கால் தானாக பிரேக்கை மிதித்தது. வரிசை முழுக்க டிரெய்லர்கள். முதல் டிரெய்லரின் வாசலில் ஒற்றைக்காலில் நிற்கிறது ஓபலின் பிளாஸ்டிக் நாரை. அடுத்ததில் வெள்ளைத் தண்ணீர்க் குழாய். அதன் பக்கத்தில் பிரிக்காத பறவைத் தீனி மூட்டை. நடுவில் வட்டமாக மடக்கு நாற்காலிகளில் மொத்தத் தெருவும் உட்கார்ந்திருந்தது. டாரல் இடுக்கியில் பிடித்த கொத்துக்கறி வடையோடு அடுப்புக்கு முன்னால் உறைந்து நின்றான். ஓபல் மெதுவாக ஒரு துண்டை எடுத்துத் தன் முகத்தை மூடிக்கொண்டாள்.

லோரீன் மட்டும் இறங்கி, உருளைக்கிழங்குக் குண்டானை எடுத்துக்கொண்டு, காலியாக இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

மார்லின் வண்டி ஜன்னலில் கை ஊன்றிக் குனிந்தார். புது ஆள் மிரண்டு போயிருக்கிறார் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

"இறங்குங்க சார், எல்லாம் உங்க தெரு ஆளுங்கதானே. செவ்வாய்க்கிழமை மட்டும் மறக்காம அந்தத் தலைவருக்கே கையைத் தூக்கிடுங்க. பதவி போயிட்டா சனிக்கிழமை பொழுது போகாம, அந்த ஆளும் ஒரு டிரெய்லர் வாங்கிட்டு இங்க வந்து நின்னுடுவாருன்னுதான் ஒன்பது வருஷமா இவங்க எல்லாருமாச் சேர்ந்து அவரையே ஜெயிக்க வெச்சிட்டிருக்காங்க."