தேனாம்பேட்டையில் ஒரு செம்புக் குண்டு

தேனாம்பேட்டையில் ஒரு விளம்பர நிறுவனம். அன்று அதன் வாசலில் செருப்புகள் கோயில் வாசல்போலக் குவிந்து கிடந்தன. உள்ளே எழுந்தருளியிருந்தவர் 'படைப்பொளி' பரத்வாஜ்.

ஓர் அலுவலகத்தில் யாரால் கற்பனை ஊறுகிறது, யாரால் வற்றுகிறது என்று கண்டுபிடிப்பது அவர் தொழில். கருவி, சிவப்பு நூலில் தொங்கும் செம்புக் குண்டு. தலைக்கு மேல் பிடிப்பார். வட்டமாகச் சுற்றினால் ஊற்று. நேர்க்கோட்டில் ஆடினால் அடைப்பு. நந்தனம் முதல் பாலவாக்கம் வரை பல அலுவலகங்களில் சுற்றிய குண்டு. அங்கெல்லாம் இப்போது கற்பனை கரைபுரள்கிறதா? யாரும் கேட்கவில்லை. கேட்பதே அடைப்பின் அறிகுறியாம்.

முதலாளி ஸ்ரீனிவாசராகவன் தலைக்கு மேல் குண்டு பம்பரமாகச் சுற்றியது. கட்டணம் தருகிற தலை அல்லவா! எதற்கும் "சூப்பர் சார்" சொல்லும் வேம்புவுக்கும் சுற்றியது. வாசகம் எழுதும் சுலோச்சனாவின் தலைக்கு மேல் மட்டும் நேர்க்கோட்டில் ஆடியது.

"அடைப்பு! இந்தப் பொண்ணு இருக்கற வரைக்கும் இங்க ஒண்ணும் பொறக்காது," என்றார் பரத்வாஜ்.

கூட்டத்துக்குக் கூட்டம் "இதை யார் வாங்குவாங்க? ஏன் வாங்குவாங்க?" என்று கேட்பது சுலோச்சனாவின் கெட்ட பழக்கம். முந்தைய நாள் காபி குடித்தபடி முதலாளி அதைப் பரத்வாஜிடம் சொல்லி அழுதிருந்தார். குண்டுக்கு நல்ல காது.

"நாளையிலேர்ந்து நீ கணக்குப் பிரிவுக்குப் போயிடும்மா," என்றார் முதலாளி.

படம் வரையும் மஹதி தோழியின் காதைக் கடித்தாள். "என்னடி அநியாயம் இது! வாயைத் திறந்து ஏதாவது சொல்லேன்டி."

சுலோச்சனா எழுந்தாள். "எழுதறதுதான் சார் என் பொழப்பு. அத்தப் போய் இந்தக் குண்டு கையில குடுக்கறீங்க. ஒரு தபா டெஸ்ட் வெச்சிப் பாத்துடலாமா?"

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம். ஆளுக்கொரு யோசனையை ஒரே மாதிரிச் சீட்டில் எழுதி, மடித்து, பிஸ்கட் டின்னில் போடுவார்கள். ஓர் அப்பளக் கம்பெனிக்கான சீட்டுகள் அன்றும் டின்னில் இருந்தன. சுலோச்சனா தன் பங்குக்கு ஒன்றைப் போட்டுக் குலுக்கினாள்.

"பிரிக்காமலே சொல்லட்டும். எது ஊத்து, எது அடைப்பு?"

"தாராளமா," என்றார் பரத்வாஜ். கூட்டம் மூச்சை அடக்கியது. ஒரு சீட்டின் மேல் குண்டு நேராக ஆடியது. "செத்த சீட்டு. அந்தப் பொண்ணோடதுதான்." இன்னொன்றின் மேல் பேய் பிடித்ததுபோல் சுழன்றது. "இதுதான்! கம்பெனியோட தலையெழுத்தையே மாத்தும்!"

முதலாளி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிரித்தார்.

"ரெண்டு ரவா தோசை. முறுகலா. சட்னி தனியா."

முதலாளி சீட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"சூப்பர் சார்!" என்றான் வேம்பு. "அப்பளம்னு சொல்லாமலே அப்பளத்தைச் சொல்றாங்க!" நாலு பேர் கைதட்டினார்கள்.

"அது எனக்கும் மஹதிக்கும் மத்யான டிபன் நைனா," என்றாள் சுலோச்சனா.

மஹதி செத்த சீட்டைப் பிரித்தாள். "'அப்பளம் நொறுங்கும், கவலையும் நொறுங்கும்.' சார், இது உங்க கையெழுத்தாச்சே!"

அப்பளத்துக்கும் கவலைக்கும் முன்னால் முதலாளியின் முகம் நொறுங்கியது.

"ஏசி காத்துல குண்டு..." என்று இழுத்தார் பரத்வாஜ்.

"ஏசி ரிப்பேர்!" என்றது அறை முழுவதும்.

"தலை யாருதுன்னு தெரிஞ்சா குண்டு கரீட்டா ஆடுது," என்றாள் சுலோச்சனா. "மடிச்ச சீட்டுல பேர் தெரியல. முழிக்குது."

"அப்போ நம்ம ஆபீஸ்ல ஏன்தான் நல்ல ஐடியா வரலை?" முதலாளியின் குரல் இறங்கியிருந்தது.

"வந்துக்கினுதான் கீது சார். யாராச்சும் புச்சா சொன்னா எல்லாரும் உங்க மூஞ்சியைப் பாக்கறாங்க. நீங்க சுளிக்கறீங்க. அது அங்கியே செத்துப்போவுது. இத்தக் கண்டுபிடிக்க இன்னாத்துக்கு சார் குண்டு?"

வேம்பு "சூப்பர்" என்று வாயெடுத்து, முதலாளியைப் பார்த்து, விழுங்கினான்.

முதலாளி முகத்தைச் சுளிக்கப்போனார். எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுளிக்கவில்லை. "நீ இங்கயே இரும்மா," என்றார்.

வாசலில் பரத்வாஜ் செருப்புக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தார். தம்முடையது அகப்படவில்லை.

"குண்டைப் பிடிச்சுப் பாருங்கோ மாமா," என்றாள் மஹதி. "எது உங்களோடதுன்னு காட்டும்."

தலைக்கு மேலே என்ன ஆடுகிறது என்று அண்ணாந்து பார்ப்பவர்களே, தலைக்கு உள்ளே இருப்பதை எப்போதுதான் அசைக்கப் போகிறீர்கள்?