விரிந்த கண் சுருங்கிய கதை

தேங்காய்த்திட்டு

அன்புள்ள மச்சான் கண்ணையனுக்கு,

உத்திராபதி எழுதுவது. உன் அக்கா தில்லையம்மாளும் நானும் சுகம். காரைக்காலில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

அடுத்த மாதம் உனக்கும் கண்புரை ஆபரேஷன், பயமாக இருக்கிறது என்றாயாமே. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், உன்னோடு இருக்கட்டும். ஆபரேஷனுக்கு முன்னால் நர்ஸ் பூர்ணிமா வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறேனா என்று கேட்டாள். நம் தெருப் பெண்கள் நாலு பேர் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் ஒன்றுமில்லை என்றுவிட்டேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பாவை நன்றாக விரியவைத்து உள்ளே கொண்டுபோனார்கள். டாக்டர் நிர்மலாதேவிக்கு என் மகள் வயசு. முகத்தைத் துணியால் மூடி ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். விரிந்த பாப்பா சுருங்குகிறதாம், அதைச் சுற்றியுள்ள சவ்வு காற்றில்லாத படகுப் பாய் மாதிரி தொளதொளவென்று ஆடுகிறதாம்.

அப்போது டாக்டர் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "ஐயா, ஒண்ணுக்குச் சரியா போறதுக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

கண் வழியாகப் பார்த்தே இந்தப் பெண்ணுக்கு அடிவயிறு வரைக்கும் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன் மச்சான். இனி மறைத்து என்ன செய்ய? "ரெண்டு வருஷமா, தினம் ஒண்ணும்மா" என்றேன்.

அந்த மாத்திரை கண்ணையும் தளர்த்திவிடுமாம். முன்பே சொல்லியிருந்தால் தயாராக இருந்திருப்பேன் என்றார், அவ்வளவுதான், திட்டவில்லை. சின்ன வளையம் ஒன்றை உள்ளே வைத்துப் பாப்பாவை விரித்துப் பிடித்துக்கொண்டார். இருபது நிமிட வேலை ஒரு மணி நேரம் ஆனது. குலதெய்வத்துக்கு என்னென்னவோ வேண்டிக்கொண்டேன். மறுநாள் கட்டைப் பிரித்ததும் உன் அக்காவைப் பார்த்து, தோட்டில் ஒரு கல்லைக் காணோமே என்றேன். "அது விழுந்து நாலு வருஷம் ஆவுது" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

ஆகையால் பயப்படாதே. நீ மாத்திரை எதையும் தொடாத ஆள், உன் கண் பாப்பா விரிந்தபடியே நிற்கும். தைரியமாகப் போய் வா. பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உத்திராபதி

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது உன் அக்கா வந்து ஒன்று சொன்னாள். அந்த மாத்திரையைச் சத்து மாத்திரை என்று அவளிடம் சொல்லிவைத்திருந்தேன். "தம்பி சோர்வா இருக்குதுன்னான். பொங்கல்லேர்ந்து மாசாமாசம் மருந்துக்கடையில உங்க மாத்திரை அட்டையக் காட்டி அவனுக்கும் வாங்கி அனுப்புறேன்" என்கிறாள். இப்போது நிறுத்தினாலும் கண்ணில் அதன் வேலை நிற்காதாம். டாக்டரிடம் சொல்லிவிடு. யார் கொடுத்தது என்று கேட்டால் என் பெயர் வேண்டாம்.