ஏழு யானைகளும் நிறைந்த மண்டபமும்

சுங்கை பினாங்,
ஞாயிறு காலை.

சுங்கை பாக்காப்பில் சகல சுகத்துடனும் சற்றே ஏளனத்துடனும் வாழும் அன்பு மச்சான் புவனேஸ்வரன் அவர்களுக்கு, உங்கள் தங்கை யோகம்மாவின் கணவன் விநாசித்தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு யாவரும் நலம். நான் மிக மிக நலம்.

மச்சான், மண்டபம் நிறைந்தது! என் கவிதை நூல் வெளியீட்டுக்கு ஆள் வராவிட்டால் இனிப் பேனாவையே தொடக்கூடாது என்று சத்தியம் வாங்கினீர்களே, நிறைந்தால் போன வாரம் அனுப்பிய நூலை முழுதாக வாசிப்பதாக நீங்களும் வாக்குக் கொடுத்தீர்களே, நினைவிருக்கிறதா? நேற்று மாலை பேய்மழை. தலைமை தாங்க வேண்டியவர் பட்டர்வொர்த்தில் ஃபெர்ரியைத் தவறவிட்டார், ஒலிபெருக்கி இருமிவிட்டு ஓய்ந்தது, பொன்னாடையை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்த யோகம்மா, "துண்டு இருக்கு, போத்தவா?" என்றாள். பேனா போய்விட்டது என்றே நினைத்தேன். அப்போது பாருங்கள், எங்கள் அடுக்குமாடியே திரண்டு வந்தது! முன்வரிசையில் காப்பிக்கடை நல்லமுத்து, கையில் பேனாவும் தாளுமாக. ஏழு யானைகள் ஆற்றின் மேல் பறக்க, மூன்று நிலவுகள் அவற்றை ஞானத்திடம் அழைத்துப் போகும் கவிதையைத் தொடங்கினேன். யானை என்றால் கற்பனை என்பது உங்களுக்கே விளங்கும். "அண்ணே, எத்தன யானை? சரியா கேக்கல லா, மறுபடி சொல்லுங்க," என்றார் நல்லமுத்து. கவியரங்கில் அடியைத் திருப்பிக் கேட்பதைவிடக் கவிஞனுக்கு வேறு மரியாதை உண்டா? மூன்று தரம் பாடினேன். மேல்மாடி மோகனா எழுந்து, "ஐயா, ஞானம் எத்தன?" என்றாள். எந்தப் பேராசிரியர் இப்படிக் கேட்டிருக்கிறார்! "ஞானம் ஒன்றே, அம்மா!" என்று முழங்கினேன். "அப்ப ஆணவம்?" "பூஜ்யம்!" ஒரே கைதட்டல். எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள்.

கற்பனைக்கும் ஞானத்துக்கும் மக்கள் மனத்தில் இடமுண்டு என்று நேரில் வந்து ஒப்புக்கொள்ளவும். பிள்ளைகளுக்கு என் ஆசி, உங்களுக்கு என் மன்னிப்பு.

இப்படிக்கு,
வென்ற விநாசித்தம்பி

பின்குறிப்பு: திங்கள் காலை. கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் யோகம்மா உண்மையைச் சொல்லிவிட்டாள். போன மாதம் காப்பிக்கடையில் நான் பாடிய குதிரைக் கவிதையை வைத்து நல்லமுத்து நாலு நம்பர் லாட்டரி எடுத்தாராம், பரிசு விழுந்ததாம். வந்தவர்கள் கவிதைக்கு வரவில்லை மச்சான், நம்பருக்கு வந்தார்கள். ஏழு, மூன்று, ஒன்று, பூஜ்யம். நேற்றைய குலுக்கலில் அது விழவில்லை. அடிக்கத்தான் வருகிறார்கள் என்று கதவைச் சாத்தினேன். வெளியே நல்லமுத்து, "அண்ணே, உங்க கவிதையில தப்பில்ல. நாங்கதான் சரியா புரிஞ்சிக்கல. இன்னொரு தடவ வெளக்குங்க லா," என்று கெஞ்சினார். இப்போது என் வாசலில் அவரும் மோகனாவும் நூலைப் பிரித்து வைத்துக்கொண்டு, யானை முன்னால் வரவேண்டுமா ஞானம் முன்னால் வரவேண்டுமா என்று சண்டை போடுகிறார்கள். கற்பனை முந்தியா, ஞானம் முந்தியா? இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று ஆயுள் முழுக்க ஏங்கியிருக்கிறேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மண்டபம் நிறைந்ததை நீங்கள் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஆனால் அவர்கள் என் நூலை மூன்றாம் தடவை படிக்கிறார்கள் மச்சான். நீங்கள் இன்னும் அட்டையைக்கூடத் திறக்கவில்லை.