பவானிபூரில் பதினோரு ஆச்சிகள்

பவானிபூர், கல்கத்தா
துர்கா பூஜைப் பஞ்சமி

உடன்பிறந்த ஆச்சி அவர்களுக்குத் தம்பி நாச்சியப்பன் வணங்கி எழுதுவது. மகள் பிரியங்காவும் நானும் சுகம். காரைக்குடியில் உங்கள் முட்டிவலி குறைந்து படியேறுகிறீர்கள் என்று நம்புகிறேன்.

பிரியங்காவின் பியூட்டி பார்லரில் நான் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பது தெரியும். ரிட்டையர் ஆனவன் கெஞ்சி வாங்கிய வேலை. "பூஜை வாரந்தான் நமக்கு சீசன் அப்பச்சி. சொதப்புனீகன்னா ஊருக்கு டிக்கெட் போட்டுருவேன்" என்று சொல்லித்தான் உட்கார வைத்தாள். போனில் சொல்லி வைத்தவர்கள் முதலில், நேரே வருபவர்கள் இடமிருந்தால், இதில் என்ன கஷ்டம் என்று இறுமாந்திருந்தேன். திங்களன்று ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தார், கூட்டம் என்றதும் திரும்பினார், விடுவேனா, எனக்குத் தெரிந்த இந்தியில் பெயர் கேட்டு "நாம்?" என்றேன், வாசலில் நின்று சிரித்தபடி "ஆச்சி" என்றார். புல்லரித்துவிட்டது. வங்காளத்தில் நம் பக்கத்து மனுஷி! நோட்டில் எழுதிப் பஞ்சமிக்கு நாற்காலி ஒதுக்கினேன். அடுத்தவரும் ஆச்சி. ஜீன்ஸ் போட்ட கல்லூரிப் பெண்ணும் ஆச்சி. இன்று காலை பதினோரு ஆச்சிகளுக்காக, இருக்கிற நான்கில் இரண்டு நாற்காலி துண்டு விரித்துக் காலியாகக் கிடந்தது, வாசலில் நின்ற ஏழு பேரை நானே "புக்டு, புக்டு" என்று அனுப்பினேன்.

பிரியங்கா நோட்டைப் பார்த்தாள். "யாரு அப்பச்சி இத்தனை ஆச்சி?"

"நம்மாளுகதான். கேட்டுத்தான் எழுதுனேன்."

"ஐயோ, அது பேரில்ல. பெங்காலில 'வாரேன்'னு அர்த்தம். கிளம்புறப்ப சொல்றது. நாம மட்டும் 'போறேன்'னா சொல்றோம்?"

உண்மைதான் ஆச்சி. அறுபத்தாறு வயதுவரை வாரேன் என்று சொல்லிக் கிளம்பியவன், அடுத்தவர் சொன்னதும் ஏமாந்தேன். வெட்கத்தில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, அவள் போனில் ஊருக்கு டிக்கெட் போட்டாள். இந்த மேசைக்கு வந்தபிறகுதான் காலையில் சட்டைக்கு இஸ்திரி போடத் தோன்றியது. அதை விட்டு வர மனசு கேட்கவில்லை. ஞாயிறு வந்து சேருவேன், மாடி அறையை ஒழித்து வைக்கவும்.

உங்கள் காலுக்குத் தெம்பும் எனக்குப் புத்தியும் அந்த மீனாட்சி தரட்டும்.

தம்பி,
நாச்சியப்பன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் பதினோரு பேரும் ஒன்றாக வந்து நிற்கிறார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தானே போனார்களாம்! பக்கத்தைத்தான் கிழித்துவிட்டேனே, யாருக்கு அடுத்து யார் என்பது என் ஒருவனுக்குத்தான் தெரியும். டிக்கெட்டை அவளே கேன்சல் செய்துவிட்டாள். உள்ளேயிருந்து கத்துகிறாள்: "அப்பச்சி, அடுத்த ஆச்சிய அனுப்புங்க!"