என் மகனை மூன்று முறை கேட்க வேண்டும்

சேப்பல் தெரு,
கில்பிரானக்.
நவம்பர், செவ்வாய்க்கிழமை, மழை.

‘மேற்குக் குரல்’ வார இதழின் ஆசிரியர் திருமதி கான்செப்டா டூஹி அவர்களுக்கு,

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் பார்ட்லி கெராட்டி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம். தங்கள் இடுப்பு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, ஞாயிறு பூசைக்குக் கைத்தடி இல்லாமலே நடந்து வந்ததைப் பார்த்தேன், மிக்க மகிழ்ச்சி. என் மனைவி டிம்ப்னாவின் நினைவு நாள் அறிவிப்பை இந்த வருஷமும் பிழையில்லாமல் அச்சிட்டதற்கு நன்றி. அதை ஒட்டியே டிராக்டர் டயர் விளம்பரம் வந்திருந்தது. அவள் விவசாயக் குடும்பத்துப் பெண், தப்பாக நினைக்க மாட்டாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வார இதழில் தங்கள் விளையாட்டு நிருபர் லெனார்ட் ஃப்ரெய்ன் என் மகன் ஃபின்டனைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தார். கில்பிரானக் டவுன் கால்பந்து அணியின் பின்வரிசையில் பதினான்கு வருஷமாக ஒரு தூணைப் போல நின்ற தடுப்பாட்டக்காரர் என்று ஆரம்பித்திருக்கிறார். தூண் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இந்த சீசனில் அவன் ஓடிய வேகத்தை நானும் பார்த்தேன். ஆனால் கடைசிப் பத்தியில், “கடல் தாண்டி இங்கிலாந்திலிருந்து இவரை யாரும் ஒருநாளும் கேட்கவில்லை” என்று முடித்திருக்கிறாரே, அது பொய். கேட்டார்கள். ஒரு தடவை கேட்டார்கள். பிரச்சினையே அதுதான்.

நம் ஊர் வழக்கத்தைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டிய ஒருவருக்கு அது தெரியாது என்பதால், பொறுத்துக்கொள்ளுங்கள், சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டுக்குப் போகிறோம், டீ குடிக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். ஐயையோ வேண்டாம், இப்போதுதான் குடித்தேன் என்று சொல்ல வேண்டும், காலையிலிருந்து தொண்டை நனையாமல் வந்திருந்தாலும் சரி. இரண்டாவது தடவை கேட்பார்கள். உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை கேட்கும்போது, சரி, இவ்வளவு சொல்கிறீர்கள், அரைக் கோப்பை மட்டும் என்று உட்கார வேண்டும். அதற்குப் பிறகு பானையோடு குடித்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். டிம்ப்னா இந்த விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. ஃபின்டன் சின்னப் பையனாக இருந்தபோது, டப்ளினிலிருந்து புதிதாகக் குடிவந்த ஒரு வீட்டில் பிறந்தநாள் விழாவுக்குப் போனான். அவர்கள் கேக் வேண்டுமா என்று ஒரே ஒரு தடவை கேட்டார்கள். இவன் வேண்டாம் என்றான். அதோடு விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, முந்தின நாள் வேகவைத்த உருளைக்கிழங்கை நின்றபடியே தின்றான். “பசிச்சாலும் வாயத் தொறக்கல பாத்தீங்களா, என் புள்ள” என்று டிம்ப்னா பூரித்துப்போனாள். விதை அன்றைக்கே விழுந்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

அவனுக்குப் பத்தொன்பது வயது. அந்த வசந்தத்தில்தான் டிம்ப்னாவை அடக்கம் செய்திருந்தோம். ஒரு சனிக்கிழமை, நான் சமையலறையில் என் டிரைவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன், அதாவது போடப் பார்த்துக்கொண்டிருந்தேன், காலரில் ஏற்கனவே படகு வடிவத்தில் பழுப்பாக ஒரு சூட்டுத் தடம் விழுந்திருந்தது, அப்போது கூடத்தில் போன் அடித்தது. ஃபின்டன் எடுத்தான். இங்கிலாந்தில் ஒரு பெரிய கிளப்பின் மேனேஜர். பெயர் சொல்ல மாட்டேன், அவர் மேல் தப்பில்லை. இவன் விளையாட்டை அவருடைய ஆள் வந்து பார்த்திருக்கிறான், பிடித்துப்போயிருக்கிறது, இங்கே வந்துவிடுகிறாயா தம்பி என்று கேட்டிருக்கிறார். என் காதில் விழுந்தது என் மகனுடைய பதில் மட்டும்தான். “ஐயோ, அதெல்லாம் வேணாங்க, நீங்க கேட்டதே பெருசு” என்றான். அப்புறம் “சரிங்க, உங்களுக்கும்” என்று வைத்துவிட்டான்.

“என்னடா சொன்னாரு?”

“நல்லா இருன்னு சொன்னாருப்பா.”

“மறுபடியும் கேட்டாரா?”

“இல்ல.”

“கேப்பாரு. இப்பத்தானே ஒரு தடவ ஆச்சு.”

கேட்கவில்லை. நான் அந்த மாதம் முழுக்கப் போனை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு நுவாலா ஹெனெகன் எங்கள் போனில்தான் தன் மகளோடு பேசுவாள். பாவம், தபால் நிலையம் வரை நடந்தாள். இங்கிலாந்துக்காரர்களுக்கு ஒரு தடவை கேட்டால் ஒரு தடவைதான், வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று எனக்கு அப்போது தெரியாது. கெட்டவர்கள் இல்லை, வளர்ப்பு அப்படி. ஆக, என் மகனுடைய வாழ்க்கை அவன் அம்மா சொல்லிக்கொடுத்த மரியாதையினால் போனது. இதை நான் பஸ்ஸிலும், சந்தையிலும், கல்லறைத் தோட்டத்திலும் பதினான்கு வருஷமாகச் சொல்லிவருகிறேன். ஃப்ரெய்னின் காதில் மட்டும் எப்படி விழாமல் போனதோ.

அதற்குப் பிறகும் அந்த மரியாதை அவனை விட்டபாடில்லை. அவனுக்கு இருபத்தைந்து வயதில் அப்போதைய மேனேஜர், அவர் ஒரு டப்ளின்காரர், உடை மாற்றும் அறையில் எல்லோர் முன்னாலும் கேப்டன் கைப்பட்டியை நீட்டி, “ஃபின்டன், நீ கட்டிக்கிறியா?” என்று கேட்டார். இவன் “அதெல்லாம் என்னால ஆகுமா, வேற யாருக்காவது குடுங்க” என்றான். மேனேஜர் சரி என்று திரும்பி, பக்கத்தில் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தவனிடம் கொடுத்துவிட்டார். அவன் ஆறு சீசன் கேப்டனாக இருந்தான். இன்னொரு சமயம், இறுதிச் சுற்றில் கார்னர் கிக் வருகிறது, எதிரணி ஆளை ஒட்டி ஃபின்டன் நிற்கிறான். அந்த ஆளுடைய தகப்பனார் ஆஸ்பத்திரியில் இருந்தது ஊருக்கே தெரியும். நம்மில் யாராவது விசாரிக்காமல் இருப்போமா? “அப்பாவுக்கு இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டிருக்கிறான். “பரவால்ல, வீட்டுக்கு வந்துட்டாரு, நல்லா சாப்பிடறாரு” என்று சொல்லிவிட்டு அந்த ஆள் எம்பித் தலையால் முட்டி கோல் போட்டுவிட்டான். மறுவாரம் ஃப்ரெய்ன், “கெராட்டி தன் ஆளைத் தவறவிட்டார்” என்று எழுதினார். தவறவிடவில்லை அம்மா, பேசிக்கொண்டிருந்தான். கோப்பை போனது உண்மைதான். ஆனால் அந்தத் தகப்பனார் பிறகு எனக்கு ஒரு கார்டு போட்டார்.

இப்போது அவனுக்கு முப்பத்து மூன்று. வலது முழங்கால் மழைக்கு முந்தின நாளே சொல்லிவிடுகிறது; நம் ஊரில் அது தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. இன்னும் ஒரு வருஷம் விளையாடிவிட்டு, பிறகு கிளப்பின் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்பது அவன் ஆசை. என்னிடம் சொல்லவில்லை, நுவாலாவிடம் சொல்லியிருக்கிறான். கிடைக்காவிட்டால் ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போய்ச் சித்தப்பா மகனோடு சாரம் கட்டும் வேலை செய்வானாம். முழங்காலை வைத்துக்கொண்டு சாரத்தில் ஏறுவானாம். போகட்டும், எனக்கு அதில் ஒன்றும் இல்லை. வீடு பெரியது, அமைதியாக இருக்கும். அடுப்பு, இஸ்திரி எல்லாம் இப்போது எனக்கு அத்துப்படி. ஆனால் ஊருக்கு நஷ்டம் என்பதற்காகச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை அவனைக் கூப்பிட்டுப் பேசப்போகிறவர் புது மேனேஜர் கிளைவ் ஆர்மராட். தாங்கள் அறிந்ததுதான், அவர் இங்கிலாந்துக்காரர். நல்ல மனிதர், மழையைப் பற்றிக் குறை சொல்வதில்லை. ஆனால் போன வாரம் ரொட்டிக் கடையில் அவருக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். கடைக்கார அம்மா ஒரு பேச்சுக்கு, “இந்த பன் மிஞ்சிருச்சு, ஒண்ணு எடுத்துக்குங்களேன்” என்றாள். அவர் “சரிங்க, தேங்க்ஸ்” என்று எடுத்துக் கடித்துவிட்டார். முதல் தடவையிலேயே. கடைக்கார அம்மா அடுத்து எனக்கு மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தாள், அவ்வளவு அதிர்ச்சி. இந்த மனிதர் வியாழக்கிழமை என் மகனிடம், இன்னொரு வருஷம் இருக்கிறாயா என்று ஒரு தடவை கேட்பார். அவன் வேண்டாம் என்பான். இவர் கையைக் குலுக்கி அனுப்பிவிடுவார். பிறகு பெர்த்.

ஆகவே தாங்கள் தயவுசெய்து இந்தக் கடிதத்தை நாளைக்கு வரும் இதழிலேயே அச்சிட வேண்டும். ஆர்மராட் தங்கள் பத்திரிகையை வாங்குகிறார், துக்க அறிவிப்புப் பக்கத்திலிருந்துதான் படிக்க ஆரம்பிக்கிறார், ஊரைச் சீக்கிரம் புரிந்துகொள்வார் என்று நம்பிக்கை வைக்கலாம். எனவே அந்தப் பக்கத்தில், இறந்தவர்களுக்குக் கீழே போட்டாலும் சம்மதம். அவர் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: மூன்று முறை கேட்க வேண்டும். முதல் தடவைக்கும் இரண்டாவது தடவைக்கும் நடுவில் வானிலையைப் பற்றி ஏதாவது பேசிக்கொள்ளலாம். இரண்டாவது மறுப்பில் சோர்ந்துவிடக் கூடாது. மூன்றாவது தடவை அவன் தலையைச் சொறிவான். அதற்குச் சரி என்று அர்த்தம். அப்படியே ஃப்ரெய்னின் கட்டுரைக்கு ஒரு திருத்தமும் வெளியிட்டால் நல்லது. பெரிதாக வேண்டாம், முதல் பக்கத்தில் போதும்.

தங்கள் இடுப்புக்கு நீண்ட ஆயுளையும், தங்கள் பத்திரிகைக்கு நிறைய விளம்பரங்களையும், தங்கள் கணவரின் ஆடுகளுக்குக் குளம்பு நோயில்லாத குளிர்காலத்தையும் ஆண்டவர் அருளட்டும். அச்சுக்கூடத்தில் இருக்கும் எல்லோரையும், ஃப்ரெய்ன் உட்பட, விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
பணிவுள்ள
பார்ட்லி கெராட்டி

பி.கு.: இந்தக் கடிதத்தையே அச்சிட வேண்டாம், காரணத்தைச் சொல்கிறேன்.

கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு, அச்சுக்கூடத்தில் நேரில் கொடுக்க ஓர் உறை தேடி மாடிக்குப் போனேன். இறங்கி வந்தால், பயிற்சி முடிந்து வந்த ஃபின்டன் ஈரக் கோட்டோடு நின்று அதைப் படித்துக்கொண்டிருந்தான். கடைசி வரி வரைக்கும் படித்தான். பிறகு உட்கார்ந்தான்.

“அப்பா, அந்த மேனேஜர் மூணு தடவ கேட்டாருப்பா.”

“எந்த மேனேஜர்?”

“அன்னிக்குப் போன் பண்ணவருதான். திங்கக்கிழமையும் பண்ணாரு, நீங்க பஸ் எடுக்கப் போயிருந்தீங்க. அதுக்கப்புறம் கிளப்புக்கே பண்ணாரு. மூணு தடவையும் வேணாம்னேன்.”

“மூணாவது தடவையுமா? உங்க அம்மா அப்படியா சொல்லிக்குடுத்தா?”

“மரியாதைக்குச் சொல்லலப்பா. நெசமாவே வேணாம்னுதான் சொன்னேன். அம்மா போயி ரெண்டு மாசம்கூட ஆகல. நீங்க தண்ணியே ஊத்தாம கெட்டில அடுப்புல வெச்சுட்டு அதையே பாத்துட்டு நின்னீங்க. தெனம் ஒரு சட்டையக் கருக்கினீங்க. உங்கள விட்டுட்டு எப்படிப் போறது?”

“அப்ப இத்தன வருஷமா ஏண்டா சொல்லல?”

“நீங்க ஊரெல்லாம் அம்மா வளர்த்த வளர்ப்பப் பத்திச் சொல்லிட்டுத் திரிஞ்சீங்க. சந்தோஷமா இருந்தீங்க. சொல்லிக்கட்டும்னு விட்டுட்டேன்.”

கையிலிருந்த வெறும் உறையை நக்கி ஒட்டிவிட்டேன், திருமதி டூஹி, மறைக்க என்ன இருக்கிறது. ஏதாவது பேச வேண்டுமே என்று, அப்படியானால் கேப்டன் பட்டியை வேண்டாம் என்றது என்னடா என்று கேட்டேன். “அது மரியாதைதான். அந்த வாழப்பழக்காரன இன்னிக்கிப் பாத்தாலும் பத்திக்கிட்டு வருது” என்றான்.

வியாழக்கிழமைப் பேச்சுக்கும் தேவையில்லாமல் போய்விட்டது. ஆர்மராட் இன்றைக்குக் காலையிலேயே, வண்டி நிறுத்துமிடத்தில் மழையில் நின்றபடி, ஒரு வருஷம் விளையாட்டு, அதற்கப்புறம் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி, என்ன சொல்கிறாய் என்று கேட்டிருக்கிறார். இவன் சரி என்று சொல்லிவிட்டான்.

“எத்தனாவது தடவ?”

“மொதல் தடவப்பா.”

டிம்ப்னா இருந்திருந்தால் வெட்கத்தில் நாலு தெருவுக்குத் தலைகாட்டியிருக்க மாட்டாள். ஆகவே தாங்கள் ஃப்ரெய்னைத் திருத்த வேண்டாம். யாரும் கேட்கவில்லை என்று அவர் எழுதியது எழுதியபடியே இருக்கட்டும், அதுவே எங்களுக்குச் சௌகரியம்.

ஃபின்டன் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, அடுப்புப் பக்கம் போய், கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டே, “டீ போடட்டாப்பா?” என்று கேட்டான். போடுடா என்றேன்.