சார்ஜ் அண்ணன் கடலில் நின்ற மத்தியானம்

நாலு பேர் போனோம். பாபு, கிரேன் ஆபரேட்டர், பர்மனெண்ட். செல்வம், குவார்ட்டர்ஸ் எலக்ட்ரீஷியன். நான், கன்வேயர் பெல்ட்டில் கான்ட்ராக்ட். அப்புறம் சார்ஜ் அண்ணன்.

சார்ஜ் அண்ணனைப் போல இன்னொரு மனிதர் நெய்வேலியில் இல்லை. உலகத்திலேயே கிடையாது. இருந்திருந்தால் இருவரும் ஒருவரை ஒருவர் ரிலீவ் செய்தே ஆயுளைக் கழித்திருப்பார்கள்.

சுரங்கத்தில் பம்ப் ஹவுஸ் வேலை அவருக்கு. பம்ப் நின்றால் கீழே தண்ணீர் ஏறிவிடும். அதனால் அடுத்த ஷிஃப்ட் ஆள், அதாவது ரிலீவர், வந்து நின்று 'சார்ஜ் எடுத்துக்கிட்டேன்' என்று சொல்லும் வரை இருக்கிற ஆள் நகரக் கூடாது. சுரங்கத்தில் எல்லோருக்கும் இதுதான் சட்டம். கேட்டைத் தாண்டியதும் நாங்கள் மறந்துவிடுவோம். அவர் அதை வீட்டுக்கும் கொண்டுபோனார்.

பஸ்ஸில் எழுந்தால் சீட்டை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் இறங்குவார். குள்ளஞ்சாவடியில் இறங்க வேண்டியவர், சீட்டுக்கு ஆள் வராமல் கடலூர் வரை போயிருக்கிறார். சலூனில் முடி வெட்டி முடிந்தும் நாற்காலியை விடமாட்டார். அடுத்த தலை வரவேண்டும். அமாவாசை அன்று சாயங்காலம் அவரிடம் பேசவே கூடாது.

"நெலா வரல. சூரியன் பாட்டுக்கு எறங்கிப் போயிடுச்சி. இன்னாய்யா டூட்டி இது?"

கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகில் போகும் யோசனை செல்வத்துடையது. போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டான். பரங்கிப்பேட்டையில் ஏறி, கரையோரமாகவே வடக்கே துடுப்புப் போட்டு, வழியில் மணலில் கூடாரம் அடித்துத் தங்கி, மூன்றாம் நாள் கடலூரில் இறங்குவது. மே மாதம். தெற்கத்திக் காற்று முதுகைத் தள்ளும் என்றான். எங்களில் யாருக்கும் நீச்சல் சரியாக வராது. சார்ஜ் அண்ணனுக்குச் சுத்தமாக வராது.

வாடகைக்குக் கயாக் கொடுப்பவர் எங்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டார். சார்ஜ் அண்ணன் அதற்கு மேலே சுரங்கத்து மஞ்சள் ஹெல்மெட்டையும் போட்டுக்கொண்டார்.

"சார், இது எதுக்கு?" என்றார் வாடகைக்காரர்.

"மேலேர்ந்து ஏதாவது வுழுந்தா?"

"கடல்ல மேலேர்ந்து இன்னா சார் வுழும்?"

"அது வுழுந்தப்புறந்தான் தெரியும்."

படகுக்கு ரெண்டு ஆள். என் படகில் முன்னால் அவர். மூக்கு அரித்தால்கூடத் துடுப்பை நிறுத்திவிட்டு, "சார்ஜ் எடு" என்பார். நான் "எடுத்துக்கிட்டேண்ணே" என்று சொன்ன பிறகுதான் சொறிந்துகொள்வார். சொறிந்து முடித்து மறுபடி வாங்கிக்கொள்வார். பக்கத்துப் படகில் பாபு சிரித்துச் சிரித்துக் கவிழப் பார்த்தான். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன் என்று எழுத ஆசை. அவரைப் பார்த்துத்தான் சிரித்தேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு மீனவர் ஊரை ஒட்டிக் கரை ஏறினோம். மணல் அடுப்புக்கல் மாதிரி கொதித்தது. படகுகளை அரைகுறையாக மேலே இழுத்துப் போட்டோம். யாராவது காவல் இருக்க வேண்டும்.

"ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் நான் இருக்கேன். ரெண்டு மணிக்கு ஆரு?" என்றார் சார்ஜ் அண்ணன்.

"நான் வரேண்ணே. வரப்போ உங்களுக்குச் சோறு வாங்கியாரேன்."

நான்தான் சொன்னேன்.

ஊருக்குள் ஒரு வீட்டில் காதுகுத்து. பந்தல், மைக் செட், பாட்டு. ஹோட்டல் எங்கே என்று கேட்கத்தான் நின்றோம். "வெளியூரா? பந்தலைத் தாண்டி ஹோட்டலுக்குப் போவீங்களா? வந்து ஒக்காருங்க" என்று கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டார்கள். வஞ்சிரம் வறுவல், மீன் குழம்பு. பாபு மூன்று முறை சோறு வாங்கினான். பிறகு பந்தல் ஓரத்தில் நிழல்.

"ரெண்டு மணிக்குப் போவணும்டா" என்றேன்.

"கயாக் எழுந்து ஓடியா போவுது? அதான் சார்ஜ் அண்ணன் இருக்காரே. பத்து நிமிசம் படு" என்றான் செல்வம்.

படுத்தேன்.

மைக் என்னை எழுப்பியது. பாட்டு நின்றிருந்தது.

"ஒரு முக்கிய அறிவிப்பு. மஞ்ச ஹெல்மெட் போட்ட ஒரு அண்ணன் ரொம்ப நேரமா கடல்ல நின்னுகினு இருக்காரு. அவரோட ரிலீவர் எங்க இருந்தாலும் ஒடனே கடற்கரைக்கு வரவும். ரிலீவர் வராம கரைக்கு வரமாட்டேங்கறாரு."

பந்தல் மொத்தமும் திரும்பியது. காது குத்திய குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. வீட்டுக்காரர் வந்தார்.

"உங்கள்ல ஆருய்யா அந்த ரிலீவர்?"

பாபுவும் செல்வமும் என்னைப் பார்த்தார்கள். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் தென்னை மரம்தான் இருந்தது.

ஓடினேன். மணி நாலு தாண்டியிருந்தது. காற்று ஏறி, கடல் நாங்கள் படகு போட்ட இடத்தையும் தாண்டி உள்ளே வந்திருந்தது. சார்ஜ் அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். கைக்கு ஒரு கயிறு. இரண்டு படகும் அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. அலை வரும்போதெல்லாம் ஹெல்மெட் மட்டும் தெரிந்தது. கரையில் பாதி ஊர்.

ஒரு மீனவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீதானாய்யா அது? அவர எத்தினி வாட்டி கூப்புட்டோம்! வா, எங்க வலை கெடக்கற மேட்டுல ஏத்திக்கலாம்னோம். கயித்தத் தொடவே வுட மாட்றாரு. 'எடம் மாறிட்டா என் ரிலீவர் இங்க வந்து தேடிகினு நிப்பான். பாவம், பயந்துடுவான்'ங்கறாரு."

தண்ணீரில் இறங்கினேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம், ஷிஃப்ட் முடியும்போது எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. நேரம் கேட்கவில்லை. எங்கே போனாய் என்று கேட்கவில்லை.

"படகு ரெண்டு. துடுப்பு நாலு. கூடாரம், குக்கர் எல்லாம் உள்ள இருக்குது. தண்ணிக் கொடம் ஒண்ணு அலையில போயிடுச்சி, அது என் கணக்கு. பாத்துக்கினியா?"

"சார்ஜ் எடுத்துக்கிட்டேண்ணே."

கயிறுகளைக் கொடுத்தார். உடனே சொன்னார்: "இப்ப உன் சார்ஜ். மேட்டுல ஏத்தறதா வேணாமா, நீ சொல்லு."

"ஏத்தலாம்ணே."

அவ்வளவுதான். பாதி ஊரும் கைவைத்து ஒரே இழுவையில் மேலே ஏற்றியது.

மணலில் உட்கார்ந்தார். ஹெல்மெட்டைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினார்.

"சாப்ட்டீங்களா?"

"ம்."

"மீனா?"

"ம்."

"எனுக்கு?"

பாபு வடக்கே பார்த்தான். செல்வம் தெற்கே பார்த்தான். என் கையில் வஞ்சிரம் மணத்தது. பின்னால் கட்டிக்கொண்டேன்.

காதுகுத்து வீட்டு அம்மா இலையில் சோறு கொண்டுவந்தார். சார்ஜ் அண்ணன் கையை நீட்டினார். இரண்டு உள்ளங்கையிலும் கயிறு போன வழி தோல் இல்லை. அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவரே சோற்றைப் பிசைந்து, உருட்டி, ஊட்டினார். ஒவ்வொரு வாய்க்கும் சார்ஜ் அண்ணன், "நல்லாக்குதுங்க" என்றார்.

மறுநாள் கடலூர் வரை அவர் துடுப்பைத் தொடவில்லை. தொட முடியவில்லை. அவர் பங்கையும் நானே போட்டேன். அவர் முன்னால் உட்கார்ந்து மூக்கு அரிக்கும்போது சார்ஜ் கொடுக்காமலே சொறிந்துகொண்டார். அது எனக்கு என்னவோ போல் இருந்தது. திட்டியிருந்தால் தேவலை.

இப்போதும் நாங்கள் சேர்ந்துதான் சுற்றுகிறோம். கல்யாணம், டீக்கடை, எங்கே போனாலும் கிளம்பும்போது தலை எண்ணுகிறோம். யாரும் சொல்லி வைத்த வழக்கம் இல்லை. பாபு ஒன்று என்பான். செல்வம் ரெண்டு. நான் மூன்று. அதற்குப் பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் காத்திருப்போம். சார்ஜ் அண்ணன் எங்காவது பெஞ்சை யாரிடமாவது ஒப்படைத்துக்கொண்டிருப்பார். நேரம் ஆகும். ஆகட்டும். கடைசியில் அவர் குரல் வரும்.

நாலு.